மால்டாவில் கிலோமீட்டர் கணக்கு போடாதீர்கள்

மத்தியதரைக் கடலில் இருக்கும் மால்டாவுக்குப் போகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, 'குட்டித் தீவுதானே, இரண்டு நாள் போதுமா?' என்பதுதான். குட்டித் தீவுதான், நீளம் 27 கிலோமீட்டர், அகலம் 14. இதைப் பார்த்துத்தான் நானும் முதல் தடவை காலையில் பழைய தலைநகர் ம்தினா, மதியம் பக்கத்துத் தீவான கோசோ, சாயங்காலம் தலைநகர் வலெட்டா என்று எழுதி வைத்துக்கொண்டு போனேன். அது ஜூலை மாதம். நிழலே இல்லாத நிறுத்தத்தில் நிற்கிறேன், இரண்டு பேருந்துகள் ஆள் நிரம்பியதால் நிற்காமலே போய்விட்டன, மூன்றாவது வந்து ஏறி நெரிசலில் ஊர்ந்து போய்ச் சேர்ந்தபோது பாதி நாள் முடிந்துவிட்டது. கோசோவை அன்றைக்குப் பார்க்கவே இல்லை.

அதனால் எங்கே தங்குகிறோம் என்பதை முதலில் யோசியுங்கள். வலெட்டாவின் நகர வாசலுக்கு வெளியே, ட்ரைட்டன் நீரூற்றைச் சுற்றித்தான் பெரும்பாலான பேருந்துகள் கிளம்புகின்றன. அங்கே ஏறினால் உட்கார இடம் கிடைக்கும், நடுவழியில் ஏறினால் சந்தேகம்தான். வாடகை குறைவு என்று வடக்கே போய்த் தங்கினால் மிச்சம் பிடித்தது பயணத்திலேயே போய்விடும். விமான நிலையத்திலிருந்து வலெட்டாவுக்கு எக்ஸ் 4 பேருந்து வரும். சீட்டை ஓட்டுநரிடமே வாங்கலாம், அது இரண்டு மணி நேரம் செல்லுபடியாகும், வண்டி மாறினால் மறுபடி வாங்க வேண்டாம். நிறுத்தத்தில் கையை நன்றாக நீட்டிக் காட்டுங்கள், இல்லையென்றால் நிறுத்த மாட்டார்கள். வலெட்டாவிலிருந்து எதிர்க்கரையில் இருக்கும் ஸ்லீமா போவதற்கு மட்டும் பேருந்தே வேண்டாம், துறைமுகத்தைக் குறுக்கே தாண்டும் படகில் சில நிமிடங்கள்தான்.

சார்ஜருக்கு மூன்று செவ்வக முனை உள்ள பிரிட்டிஷ் பிளக் வேண்டும். ஐரோப்பா என்று நினைத்து இரண்டு உருண்டை முனை வாங்கிப் போகாதீர்கள்.

ஹைப்போஜியத்துக்கு இப்போதே பதிவு செய்துவிடுங்கள். ஐயாயிரம் வருடத்துக்கும் முந்தைய நிலத்தடி இடுகாடு அது. ஆட்களின் மூச்சே சுவரோவியங்களைக் கெடுக்கும் என்பதால் ஒரு தடவைக்குப் பத்துப் பேரைத்தான் உள்ளே விடுகிறார்கள். வாசலில் போய்க் கேட்டால் கிடைக்காது, எனக்கும் கிடைக்கவில்லை. வலெட்டாவில் உள்ள புனித யோவான் பேராலயத்துக்குத் தோளும் முழங்காலும் மூடிப் போங்கள். ஊசிக் குதிகால் செருப்புக்கு அனுமதி இல்லை, தரை முழுக்கப் பளிங்குக் கல்லறைகள். அங்கே இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோ 1608இல் வரைந்த திருமுழுக்கு யோவானின் சிரச்சேத ஓவியத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். கழுத்திலிருந்து தரையில் வழியும் ரத்தத்திலேயே தன் பெயரை எழுதியிருக்கிறார். அவர் கையெழுத்திட்ட ஒரே ஓவியம் அதுதான். கிட்டே போய்ப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

கடலில் இறங்குகிற பல இடங்கள் மணல் இல்லாத பாறை, பாசி பிடித்து வழுக்கும். ரப்பர் செருப்பு எடுத்துக்கொள்ளுங்கள். ஊதாக் கொடி பறந்தால் ஜெல்லி மீன், சிவப்பு என்றால் இறங்கவே கூடாது. கொமினோ என்ற சின்னத் தீவின் நீலக் கடற்கழியில் கரையேற 2025 முதல் முன்பதிவு வேண்டும்.

அப்புறம் கோசோ. மால்டாவின் வட முனையில் இருக்கும் சிர்கேவா துறையிலிருந்து கப்பலில் 25 நிமிடம், போகும்போது காசு கேட்க மாட்டார்கள், திரும்பும்போதுதான் வாங்குவார்கள். நீல ஜன்னல் பாறை வளைவின் படத்தைக் காட்டி வழி கேட்பவர்களை இன்னும் பார்க்கிறேன், அது 2017 மார்ச்சில் புயலில் இடிந்து கடலுக்குள் போய்விட்டது. ஒரு ராத்திரியாவது தங்குங்கள், தயவுசெய்து. ஒரு நாள் சுற்றுலாக்காரர்கள் எல்லாரும் சாயங்காலக் கப்பலைப் பிடிக்கக் கிளம்பிய பிறகு கோசோவின் முக்கிய ஊரான விக்டோரியாவின் கோட்டை மதிலில் ஏறிப் பாருங்கள், வயல்களுக்கு நடுவே ஷெவ்கியா தேவாலயத்தின் பெரிய குவிமாடமும், அதற்கு அப்பால் கடலும் தெரியும்.