படுக்கையறை ஜன்னலும் ஓர் ஊதுபத்தியும்

டெக்சஸின் பிக் பெண்ட் தேசியப் பூங்காவில், ரியோ கிராண்டே ஆற்றை ஒட்டிய முகாமில் ஒரு மே மாத இரவு. மணி பதினொன்று. எங்கள் மோட்டார்ஹோமின் பின்பக்கப் படுக்கையறையில் வேர்த்துக் கொட்டுகிறது. ஜன்னல் என்னவோ திறந்துதான் இருக்கிறது. வெளியே இறங்கி நின்றால் இதமாக இருக்கிறது, உள்ளே ஏறினால் அடுப்பங்கரை. “நான் வெளியே நாற்காலியிலேயே படுத்துக்கறேங்க” என்று தலையணையைத் தூக்கிக்கொண்டு மனைவி இறங்கிவிட்டார். படுக்கையறைக்குக் காற்று கொண்டுவரும் இந்த வேலை அந்தத் தலையணையில்தான் தொடங்கியது.

எங்களுடையது 28 அடி நீளமுள்ள மோட்டார்ஹோம், அதாவது படுக்கை, சமையலறை, குளியலறை எல்லாம் உள்ள வீட்டு வண்டி. பழையதாக வாங்கியது. கூரையில் 13,500 பிடியு (குளிரூட்டும் திறனின் அளவு) ஏ.சி. இருக்கிறது. ஆனால் அது 120 வோல்ட்டில் ஓடுவது. கரண்ட் இணைப்பு இல்லாத இடத்தில் ஜெனரேட்டரைப் போட வேண்டும். தேசியப் பூங்கா முகாம்களில் இரவு நேரத்தில் ஜெனரேட்டர் ஓட்ட விடமாட்டார்கள். ஆக, ராத்திரிக்கு ஜன்னல்தான் கதி.

ஹூஸ்டன் திரும்பியதும் டேப்பை எடுத்து அளந்தேன். கட்டிலின் தலைமாட்டில் இருப்பது பக்கவாட்டில் நகரும் ஜன்னல். பார்க்கப் பெரிதாக இருக்கும், திறப்பது பாதிதான். திறந்த பகுதி 13 அங்குல அகலம், 18 அங்குல உயரம். ‘ஜன்னல் சின்னது, பெரிதாக்க வேண்டும்’ என்று அன்றே முடிவுகட்டிவிட்டேன். நல்லவேளை, சுவரை வெட்டவில்லை. இந்த வண்டிகளின் சுவர் என்பது ஃபைபர்கிளாஸ் தகடு, நடுவில் ஃபோம், அதற்குள் ஒரு சட்டம், அவ்வளவுதான். சட்டத்தில் கைவைத்தால் வண்டியின் பலத்தில் கைவைத்த மாதிரி.

அடுத்த முட்டாள்தனம், கிளிப் மாட்டும் சின்ன ஃபேன் ஒன்றை வாங்கி ஜன்னலோரம் வைத்தது. முகத்தில் காற்று பட்டது. பட்டது அதே வெந்த காற்று.

ஒரு நாள் மாலை வீட்டு வாசலில் நின்ற வண்டிக்குள் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி ஜன்னலருகே பிடித்தேன். பக்தி இல்லை, பரிசோதனை. புகை ஜன்னல் பக்கம் போகவும் இல்லை, அங்கிருந்து தள்ளப்படவும் இல்லை. நேராக மேலே ஏறிக் கூரைக்கு அடியில் ஒரு படலமாகத் தங்கிவிட்டது. அப்புறம் சமையலறையில் அடுப்புக்கு மேலே உள்ள புகை இழுக்கும் ஃபேனைப் போட்டேன். புகை மெதுவாகத் திரும்பி, அறைக் கதவு வழியாகச் சமையலறைப் பக்கம் நடந்தது. எனக்குத் தேவைப்பட்ட பாடம் அந்தப் புகையில் இருந்தது. காற்று உள்ளே வர வழி இருந்தது, வெளியே போகத்தான் வழியில்லை. காற்று அசையாத இரவில் ஒற்றை ஜன்னல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சுவரில் மாட்டிய படம்தான்.

கட்டிலுக்கு மேலே கூரையில் 14க்கு 14 அங்குலத்தில் ஒரு துவாரம் இருந்தது. கையால் சுற்றித் திறக்கும் மூடி, ஃபேன் கிடையாது. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: கூரைத் துவாரம் 196 சதுர அங்குலம், ஜன்னலின் திறப்பு 234. கொசுவலை கொஞ்சம் அடைத்துக்கொண்டாலும், குறை சொன்ன ஜன்னல் ஒன்றும் அவ்வளவு சின்னதில்லை.

இந்த வண்டிகளில் அந்த 14 அங்குலம் பொதுவான அளவு. அதனால் அதே ஓட்டையில் உட்காரும் ஃபேன் எளிதாகக் கிடைத்தது. 12 வோல்ட், பத்து வேகம், முழு வேகத்தில் நிமிடத்துக்கு சுமார் 900 கன அடிக் காற்றை வெளியே தள்ளும். மழை மூடியும் அதனுடனேயே வருகிறது. மாட்டுவதற்கு ஒரு சனிக்கிழமை போதுமாக இருந்தது. பழைய பசையைச் சுரண்டியதுதான் பாதி நாள். கூரை ரப்பர் என்பதால் பெட்ரோலிய ரசாயனம் எதையும் தொடவில்லை. அது ரப்பரை உப்பவைத்துவிடும். மின்சாரம் அறை விளக்கின் கம்பியிலிருந்தே எடுத்தேன், ஃபியூஸ் தாங்குமா என்று பார்த்துவிட்டு. குறைந்த வேகத்தில் ஓர் ஆம்பியர்கூட இழுப்பதில்லை. இரவெல்லாம் ஓடினாலும் பேட்டரி கவலைப்படாது.

ஃபேனைப் போட்டுவிட்டு, வண்டியின் எல்லா ஜன்னல்களையும் ஆசையாகத் திறந்துவைத்துப் படுத்தேன். தலைமாட்டில் காற்றே இல்லை! மறுபடி ஊதுபத்தி. ஃபேன் இழுக்கும் காற்று சமையலறை, குளியலறை, ஓட்டுநர் பக்கம் என்று கிடைத்த வழியிலெல்லாம் பங்கு போட்டுக்கொண்டு வந்தது. ஒவ்வொரு ஜன்னலாக மூடிக்கொண்டே வந்தேன். கடைசியில் தலைமாட்டு ஜன்னல் மட்டும், அதுவும் நாலு விரல் அளவு திறந்திருந்தபோது, புகை தலையணைக்கு மேலே கயிறு இழுத்த மாதிரி நேராக ஓடியது. ஜன்னலை மூடினால் காற்று கூடும் என்று சொன்னால் இன்றைக்கும் நண்பர்கள் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்கள்.

இந்தக் கண்டுபிடிப்பின் பெருமையில் ஒரு நாள் எல்லா ஜன்னல்களையும் மூடிவிட்டு ஃபேனைப் போட்டேன். ஃபேனுக்கு எங்கிருந்தாவது காற்று வேண்டுமே. குளியலறையின் தரை வடிகாலில் வாசனையை அடைத்து நிற்கும் தண்ணீர் வற்றியிருந்தது. அழுக்குத் தண்ணீர்த் தொட்டியின் மொத்த வாசனையும் அந்த வழியாகப் படுக்கையறைக்கு வந்து சேர்ந்தது. டாய்லெட்டை ஃப்ளஷ் செய்யும்போது ஃபேன் ஓடினாலும் இதே கதைதான். இது சிரிக்கிற விஷயம். சிரிக்க முடியாதது ஒன்றும் உண்டு: பக்கத்து வண்டியில் ஜெனரேட்டர் ஓடினால் அதன் புகையையும் நம் ஜன்னல் இப்படியே உள்ளே இழுக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. எங்கள் வண்டியிலிருந்த அலாரத்தைத் திருப்பிப் பார்த்தால் காலாவதித் தேதி என்றைக்கோ முடிந்திருந்தது. அதை மாற்றிய பிறகே மறுபடி ஃபேனைத் தொட்டேன்.

ஆகஸ்டில் கால்வெஸ்டன் கடற்கரைக்குப் போனபோதுதான் ஜன்னலின் உண்மையான குறை தெரிந்தது. மழை. கூரை மூடி மழையைத் தாங்கியது, நகரும் ஜன்னல் தாங்கவில்லை. மூடினால் புழுக்கம், திறந்தால் தலையணை நனையும். மேலே கீல் வைத்து, அடிப்பக்கம் வெளியே தள்ளித் திறக்கும் ஜன்னல்தான் இதற்கு வழி. கண்ணாடியே கூரையாக நிற்கும்.

ஆர்டர் கொடுத்தபோது வெளிச் சட்டத்தின் அளவைச் சொன்னேன். “இது சட்டமா, ஓட்டையா?” என்று கேட்டார்கள். ஓட்டைதான் வேண்டுமாம். அகலம், உயரம், மூலையின் வளைவு, சுவரின் தடிமன், நான்கும் வேண்டும். ஜன்னலைச் சுவரோடு இறுக்கிப் பிடிக்கும் உள்பக்க வளையத்தைக் கழற்றாமல் இவை எதுவும் சரியாகத் தெரியாது.

பழையதைக் கழற்றுவது எளிது. உள்ளே வளையத்தின் ஸ்க்ரூக்களை எடுத்துவிட்டு மெதுவாகத் தள்ளினால் ஜன்னல் மொத்தமாக வெளியே போகும். வெளியே ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். ஏணியில் நின்ற மகன், “அப்பா, சொல்லிட்டுத் தள்ளுங்க!” என்று கத்தினான். எடுத்துப் பார்த்தால் கீழ் மூலையில் மரம் கறுத்துப்போய், விரலால் அழுத்தினால் அமுங்கியது. பழைய உரிமையாளர் கசிவை நிறுத்த சிலிக்கோனை அப்பியிருந்தார். தண்ணீர் அதற்குப் பின்னால் ஓடியிருக்கிறது. சிலிக்கோன் ஒட்டிய இடத்தில் வேறெந்தப் பசையும் ஒட்டாது. ஒவ்வொரு துணுக்காகச் சுரண்ட வேண்டும். ஓட்டையை பிளாஸ்டிக் ஷீட்டால் மூடி, இரண்டு வாரம் காயவிட்டு, அந்த மூலையில் புது மரம் வைத்தேன். ஜன்னலை மாற்ற நினைக்காமல் இருந்திருந்தால் அந்தச் சுவர் இன்னும் எவ்வளவு ஊறியிருக்குமோ.

புது ஜன்னலின் விளிம்பைச் சுற்றி பியூட்டைல் டேப் (தண்ணீர் புகாமல் அடைக்கும் மெத்தென்ற ரப்பர் பட்டை) ஒட்டி, ஓட்டையில் வைத்து, உள்ளிருந்து ஸ்க்ரூக்களை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். ஒரே மூச்சில் இறுக்கினால் சட்டம் வளையும். மறுநாள் வெயிலில் டேப் இளகியதும் இன்னொரு சுற்று. வெளியே பிதுங்கியதை பிளாஸ்டிக் கத்தியால் சீவிவிட்டேன். பின்சுவரில் சிவப்புக் கைப்பிடியுள்ள அவசர வழி ஜன்னல் ஒன்று இருக்கிறது. அதன் பக்கம் மட்டும் போகவேயில்லை.

அடுத்த மாதம் அதே கடற்கரை. நள்ளிரவில் கூரையில் மழை சடசடத்தது. பழக்கத்தில் எழுந்து உட்கார்ந்த மனைவி, தலையணையைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்தார். கொஞ்ச நேரத்தில் போர்வையைத் தேடினார். புது ஜன்னலின் கைப்பிடி அவர் பக்கம் அமைந்துவிட்டது. எனக்குப் புழுக்கமாக இருந்தாலும் எத்தனை விரல் திறப்பது என்பதை இப்போது அவர்தான் முடிவு செய்கிறார்.