ஊதிய பலூனின் எடை

காற்றுக்கு எடை உண்டு என்பதைக் காட்டப் பள்ளிகளில் ஒரு சோதனை செய்வார்கள். நீளமான குச்சியின் இரு முனைகளிலும் ஊதிய பலூன்களைக் கட்டி, நடுவில் நூல் போட்டுத் தொங்கவிட்டு, ஒரு பலூனின் காற்றை வெளியேற்றினால் மற்றது கீழே இறங்கும். முடிவு சரிதான், ஆனால் அங்கே வெளிப்படுவது பலூனுக்குள் இருக்கும் காற்று முழுவதன் எடை அன்று என்பது பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை.

5 லிட்டர் கொள்ளும் அளவுக்கு ஊதிய பலூனை எடுத்துக்கொள்வோம். அறை வெப்பநிலையில் 1 லிட்டர் காற்றின் நிறை ஏறத்தாழ 1.2 கிராம் என்பதால், உள்ளே 6 கிராமுக்குச் சற்று அதிகமான காற்று இருக்கிறது. அதே பலூன் வெளியே 5 லிட்டர் காற்றை விலக்கிவிட்டு அந்த இடத்தில் இருப்பதால், நீரில் அமிழ்ந்த பொருளுக்கு ஆர்க்கிமிடீஸ் சொன்ன அதே விதிப்படி, 6 கிராம் எடைக்கு ஈடான மிதப்பு விசை அதை மேல்நோக்கித் தள்ளுகிறது. இவ்விரண்டையும் கழித்துவிட்டால், ரப்பரின் எடை நீங்கலாகத் தராசில் எஞ்சுவது, ரப்பரின் இறுக்கத்தால் உள்ளே நெருக்கி அடைபட்ட கூடுதல் காற்று மட்டுமே. பலூனின் உள்ளழுத்தம் வெளியழுத்தத்தைவிடப் பொதுவாகச் சில சதவீதமே அதிகம். 3 சதவீதம் என்று கொண்டால் அந்தக் கூடுதல் 0.2 கிராமுக்கும் குறைவு. சமையலறைத் தராசு இதைக் காட்டாது. நகை நிறுக்கும் தராசு காட்டும்.

மெல்லிய பாலித்தீன் பையில், அது விறைக்காதபடி காற்றை அடைத்துக் கட்டி நிறுத்தால், சுருட்டி வைத்த வெறும் பையின் எடைதான் வரும். (வாயால் ஊதக் கூடாது, மூச்சின் ஈரம் உள்ளே துளியாகத் தங்கிக் கணக்கைக் கெடுக்கும்.)

இந்தச் சிக்கல் பழையது. காற்று நிரம்பிய தோற்பை வெறும் பையைவிடக் கனமானது என்றார் அரிஸ்டாட்டில். 6ஆம் நூற்றாண்டில், அவருடைய நூல்களுக்கு உரை எழுதிய சிம்ப்ளிசியஸ் நிறுத்துப் பார்த்து வேறுபாடு இல்லை என்றார். பை எவ்வளவு விறைப்பாக ஊதப்பட்டது என்பதைப் பொறுத்து இரண்டும் நடக்கக்கூடியவையே. கலிலியோ இதைக் கடந்த விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. விரியாத கண்ணாடிக் குடுவைக்குள் அவர் காற்றை அழுத்திச் செலுத்தி நிறுத்தார். குடுவையின் பருமன் மாறாததால் மிதப்பு விசையும் மாறாது. கூடுதலாகப் புகுந்த காற்று முழுவதும் எடையில் தெரிந்துவிடும். நீர் காற்றைவிட ஏறத்தாழ 400 மடங்கு கனமானது என்று 1638இல் வெளியான நூலில் எழுதினார். உண்மையில் அது 800 மடங்கை ஒட்டியது என்றாலும், அக்காலக் கருவிகளுக்கு அது மோசமான விடை அன்று.

பள்ளிச் சோதனையைச் செய்து பார்ப்பவர்கள் பலூனை வெடிக்கவிடாமல், அதன் கழுத்தருகே செல்லோடேப் ஒட்டி, அதன்மேல் ஊசியால் குத்திக் காற்றை மெல்ல வெளியேற்ற வேண்டும். வெடித்துச் சிதறும் ரப்பர்த் துண்டுகளின் எடையே அந்த 0.2 கிராமை எளிதில் மிஞ்சிவிடும்.