சிரிஞ்சில் ஒரு மில்லிக்கு எவ்வளவு?

ஐவி, அதாவது சிரை வழியாக ஏற்றும் மருந்துக் கணக்கில் பெருக்கல், வகுத்தலுக்குக் கால்குலேட்டர் இருக்கிறது. தப்பு நடப்பது பெரும்பாலும் அலகில், அல்லது மருந்தின் அடர்த்தியில். அதனால் டாக்டரின் ஆர்டரைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு மில்லியில் எத்தனை மைக்ரோகிராம் என்று எழுதி வைத்துவிடுங்கள்.

உதாரணத்துக்கு, இரத்த அழுத்தத்தை உயர்த்தும் நாராட்ரினலின் 4 மில்லிகிராம், சிரிஞ்சில் மொத்தம் 50 மில்லி. 4000 மைக்ரோகிராமை 50-ஆல் வகுத்தால் மில்லிக்கு 80. நோயாளி 50 கிலோ, ஆர்டர் நிமிடத்துக்குக் கிலோவுக்கு 0.1 மைக்ரோகிராம். நிமிடத்துக்கு 5, மணிக்கு 300. 300-ஐ 80-ஆல் வகுத்தால் மணிக்கு 3.75 மில்லி. 60-ஆல் பெருக்க மறந்தால் 0.06 என்று வரும். மருந்தைத் தள்ளும் சிரிஞ்ச் பம்பில் அப்படி ஒரு வேகம் வைக்கிறோமா என்று கேட்டாலே பிடிபட்டுவிடும்.

பிடிபடாதது வேறு. முந்தைய ஷிப்ட்டில் டபுள் ஸ்ட்ரெங்த் போட்டிருப்பார்கள்: 50 மில்லியில் 8 மில்லிகிராம், அதாவது மில்லிக்கு 160. அதே 3.75 ஓடினால் மருந்து இரண்டு மடங்கு போகிறது. பம்ப் திரையில் எண் சரியாகவே தெரியும்! ஷிப்ட் மாறும்போது ஹேண்டோவரில் "3.75 ஓடுது" என்று மட்டும் சொன்னால் போதாது, சிரிஞ்ச் லேபிளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஆம்பூல் லேபிளையும் பாருங்கள்: 2 மில்லிகிராம் பைடார்ட்ரேட் உப்பில் நாராட்ரினலின் பேஸ் ஏறத்தாழ 1 மில்லிகிராம்தான்.

சொட்டுக் கணக்கு எளிது. 500 மில்லி, 4 மணி நேரம், மில்லிக்கு 20 சொட்டு விழும் ஐவி செட் (சொட்டுக் குழாய்) என்றால் 10000-ஐ 240-ஆல் வகுத்து நிமிடத்துக்கு 42 சொட்டு. மில்லிக்கு 60 சொட்டு விழும் மைக்ரோ செட்டில் மணிக்கு எத்தனை மில்லியோ, நிமிடத்துக்கு அத்தனை சொட்டு. செட்டின் கவரில் உள்ள எண்ணைப் பார்க்காமல் 20 என்று நினைத்துக்கொள்வதுதான் வம்பு. 10, 15 சொட்டு செட்டுகளும் உண்டு.

டோஸ் எழுதும்போது .5 வேண்டாம், 0.5 என்று எழுதுங்கள்; 5.0 வேண்டாம், 5 என்று எழுதுங்கள். புள்ளி மங்கினால் டோஸ் பத்து மடங்காகிவிடும்.

பொட்டாசியம் குளோரைடில் கணக்கு சரியாக இருந்தும் ஆபத்து வரும். 15 சதவீத ஆம்பூல், 10 மில்லியில் 20 மில்லிஈக்விவலன்ட் (பொட்டாசியத்தை அளக்கும் அலகு). அதை நேராக ஐவியில் தள்ளவே கூடாது. தொங்கும் பையில் ஏற்றிவிட்டு அப்படியே விட்டால் கனமான மருந்து அடியில் போர்ட் (பையின் வாய்) பக்கம் தேங்கி, முதலில் அதுவே மொத்தமாக இறங்கும். கிளாம்பை மூடி, பையை இறக்கி, மருந்தைச் சேர்த்து, பல முறை தலைகீழாகத் திருப்பிக் கலந்த பிறகே மாட்டுங்கள்.