கிப்ஸ் சமன்பாட்டில் நான் தொலைத்த 2: கேட் வேதியியலில் சர்ஃபாக்டன்ட் பகுதியைப் படித்த அனுபவம்

உயர்படிப்பு, ஆய்வு இடங்களுக்கான கேட் தேர்வின் வேதியியல் முடிவு வந்து நான்கு நாட்கள் ஆகின்றன. இம்முறை கிடைத்த தரவரிசை நான் விரும்பிய இடங்களுக்குப் போதுமானது என்பதால்தான், சென்ற முறை நடந்ததை எரிச்சல் இல்லாமல் எழுத முடிகிறது. அப்போது எண் விடை வினா ஒன்றில், செறிவோடு பரப்பு இழுவிசை மாறும் சாய்விலிருந்து, கிப்ஸ் சமன்பாட்டைக் கொண்டு, ஒரு மூலக்கூறு அடைத்துக்கொள்ளும் பரப்பைக் கண்டறிய வேண்டியிருந்தது. கரைந்திருப்பது அயனி வகை சர்ஃபாக்டன்ட் (சோப்பைப் போல நீரின் பரப்பில் சேர்ந்து அதன் இழுவிசையைக் குறைக்கும் பொருள்) என்பதை வாசித்திருந்தும், சமன்பாட்டின் பகுதியில், அதாவது வகுக்கும் இடத்தில், 2 போடாமல் விடையை உள்ளிட்டுவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விட்டேன். அவ்வகை வினாவில் தவறுக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. ஆனால் வழிமுறை சரி என்று அரை மதிப்பெண்கூடத் தர மாட்டார்கள்.

ஆகவே இந்தப் பகுதிக்கு நான் சொல்ல விரும்புவது பெரும்பாலும் அந்த 2 பற்றித்தான். சோடியம் டோடெசில் சல்ஃபேட் (எஸ்டிஎஸ்) நீரில் கரையும்போது, எதிர்மின்சுமை கொண்ட டோடெசில் சல்ஃபேட் அயனி பரப்பில் வந்து அமர, மின்சுமைச் சமநிலைக்காகச் சோடியம் அயனியும் அதனுடன் பரப்பை ஒட்டிச் சேர்கிறது. செறிவை மாற்றினால் இரண்டின் வேதி அழுத்தமும் மாறுவதால் சமன்பாட்டின் பகுதியில் 2ஆர்டி வருகிறது (ஆர் வாயு மாறிலி, டி வெப்பநிலை). அயனி வகை அல்லாதவற்றுக்கு 1 போதும். அயனி வகையே ஆனாலும், கரைசலில் சோடியம் குளோரைடு மிகுதியாக இருந்தால், சோடியத்தின் செறிவு ஏறத்தாழ மாறாமல் நின்றுவிடுவதால் மீண்டும் 1 ஆகிறது. வினாவில் உப்பைப் பற்றிய ஒரு சொல் ஒளிந்திருந்தால், அது அலங்காரத்துக்காக அங்கே இல்லை.

இம்முறை நான் பழகிக்கொண்ட சோதனையை ஒரு கணக்கோடு காட்டுகிறேன். 298 கெல்வினில், செறிவின் 10 அடிமான மடக்கைக்கு எதிராகப் பரப்பு இழுவிசையை வரைந்த கோட்டின் சாய்வு மீட்டருக்கு −36.8 மில்லிநியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். 2.303ஆல் வகுத்து, 2ஆர்டியாலும் வகுத்தால் சதுர மீட்டருக்கு 3.2 மைக்ரோமோல் கிடைக்கும். ஒரு மூலக்கூறுக்கு 0.51 சதுர நானோமீட்டர். இரண்டு காரணிகளையும் மறந்தால் 0.11 வரும். நேராக நிற்கும் ஒரு ஹைட்ரோகார்பன் சங்கிலியின் குறுக்குப் பரப்பே ஏறத்தாழ 0.2 என்பதால், இது நடக்கவே முடியாத விடை என்று உடனே தெரிந்துவிடும். 2ஐ மட்டும் மறந்தால் வரும் 0.26தான் ஆபத்தானது, ஏனெனில் பார்வைக்கு அது நியாயமாகத் தோன்றும். ஒன்றையொன்று விலக்கும் சல்ஃபேட் தலைகள், ஸ்டியரிக் அமிலப் படலத்தைப் போல அவ்வளவு நெருங்கி நிற்குமா என்று அந்த நேரத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். சென்ற முறை நான் கேட்டுக்கொள்ளவில்லை.

வரைபடத்தை நம்புவதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. முதுநிலைத் திட்டப் பணியில், பிளாட்டினம் வளையத்தைச் சுடரில் காட்டிச் சுத்தம் செய்து எஸ்டிஎஸ் கரைசலில் நான் எடுத்த அளவீடுகளில், 8 மில்லிமோலாருக்கு அருகே பரப்பு இழுவிசை ஒரு பள்ளத்தில் இறங்கி மீண்டும் ஏறியது. அதைக் கருவியின் கோளாறு என்று நினைத்தேன். ஆய்வக அக்கா பார்த்தவுடனே, “எஸ்டிஎஸ்ஸை எத்தனாலில் மறுபடிகமாக்கிவிட்டு வா” என்றார். எஸ்டிஎஸ்ஸின் நீராற்பகுப்பில் உண்டாகும் டோடெகனால் சிறிதளவு இருந்தாலும், மைசெல் (சர்ஃபாக்டன்ட் மூலக்கூறுகள் கரைசலுக்குள் ஒன்றுகூடிய திரள்) உருவாவதற்கு முன்பு அது பரப்பில் நெருங்கி அமர்ந்து இழுவிசையைக் கூடுதலாகக் குறைக்கிறது. மைசெல்கள் தோன்றியதும் அவை அதை உள்ளே இழுத்துக்கொள்வதால் கோடு மேலேறுகிறது. தேர்வுக்கு இது நேரடியாகத் தேவைப்படாமல் போகலாம், ஆனால் மைசெல் என்ன செய்கிறது என்பது எனக்குப் புரிந்தது அந்தப் பள்ளத்தில்தான்.

மற்றவற்றைச் சுருக்கமாகத் தருகிறேன்.

– எஸ்டிஎஸ்ஸின் சிஎம்சி (மைசெல் உருவாகத் தொடங்கும் செறிவு) 25 டிகிரி செல்சியஸில் 8.2 மில்லிமோலார், 0.1 மோலார் சோடியம் குளோரைடில் அது சுமார் 1.5க்கு இறங்கிவிடும்.

– மைசெல்லாக்கத்தின் கட்டிலா ஆற்றலுக்கு மோல் பின்னத்தைத்தான் இட வேண்டும், 55.5ஆல் வகுக்க மறப்பவர்கள் பலர்.

– அறை வெப்பநிலையில் மைசெல்லாக்கத்தை இயக்குவது பெரும்பாலும் நீரின் என்ட்ரோபி உயர்வு. “ஒழுங்கு கூடுகிறது, எனவே என்ட்ரோபி குறைகிறது” என்ற தெரிவு கவர்ச்சியாக இருக்கும்.

– கிராஃப்ட் வெப்பநிலை (அதற்குக் கீழே மைசெல் உருவாகாது) அயனி வகைக்கு, மேகப் புள்ளி (அதற்கு மேலே கரைசல் கலங்கும்) அயனி அல்லாத பாலிஆக்ஸிஎத்திலீன் வகைக்கு.

– பொதிவு அளவுரு (வாலின் கன அளவை, தலையின் பரப்பையும் வாலின் நீளத்தையும் பெருக்கியதால் வகுத்தது) மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே கோளம், அரை வரை உருளை, அதற்கு மேல் 1 வரை இரட்டைப் படலம். எல்லைகளை மனப்பாடம் செய்வது எனக்கு ஒத்துவராததால், ஒற்றை வாலைக் கூம்பாகவும் இரட்டை வாலை உருளையாகவும் வரைந்து பார்த்தே விடையளித்தேன்.

திடப் பரப்பில் வாயு ஒட்டுவதற்கான பிஇடி, லாங்மியூர் சமவெப்பக் கோடுகளை எல்லோரும் படித்துவிடுகிறார்கள்; அவற்றைப் பற்றிச் சொல்ல என்னிடம் புதிதாக எதுவும் இல்லை. தேர்வுத் திரையில் உள்ள கணிப்பானில் இயல் மடக்கைக்கும் 10 அடிமான மடக்கைக்கும் தனித்தனிப் பொத்தான்கள் உண்டு. இம்முறை எண்ணைத் தட்டுவதற்கு முன்பே, வினாவில் எந்த மடக்கை, அயனி வகையா, உப்பு உண்டா என்ற மூன்றையும் எழுதுதாளின் மூலையில் குறித்துக்கொண்டேன்.