இரண்டு மணிநேர பெர்மிஷன்

நைஜீரியாவின் லாகோஸ் நகரில் ஒரு வர்த்தக நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் சேர்ந்து எனக்கு நாலு மாதம் ஆகியிருந்தது. எனக்குக் கீழே ஐந்து பேர், அதில் மூன்று பேர் யோருபா இனப் பெண்கள். டிசம்பர் முதல் வாரம் அவர்களில் ஒருவர் வந்து, வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிநேரம் பெர்மிஷன் வேண்டும், தலை பின்னப் போகணும் என்று கேட்டார். முடியாது என்று சொல்லிவிட்டேன். ஆண்டு முடிவுக் கணக்கு மலைபோலக் கிடக்கிறது, இந்த நேரத்தில் தலை அலங்காரத்துக்கு பெர்மிஷனா என்றுதான் எனக்குத் தோன்றியது. "ஓகே மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பும்போது அவரே, நாளைக்குச் சலூனுக்கு வர்றீங்களா மா, சும்மா வந்து பாருங்க என்றார். கோபமே இல்லாத குரல். சரி என்று போனேன்.

லாகோஸின் இகேஜா பகுதியில் சின்னக் கடை. உள்ளே நுழைந்ததும் அவர் எல்லோருக்கும் பொதுவாக "ஏ கூ இஷே" என்றார். வேலை செய்துகொண்டிருப்பவர்களைப் பார்த்தால் யோருபாவில் சொல்லும் வணக்கம் அது. அந்த வார்த்தையிலேயே எனக்குக் கொஞ்சம் உறைத்தது, ஏனென்றால் அந்த அறையில் நடப்பதை வேலை என்று நான் நினைத்திருக்கவே இல்லை.

முதலில் பழைய பின்னலைப் பிரித்துச் சிக்கு எடுக்கவே ஒரு மணிநேரம் போனது. அப்புறம் நீள வால் வைத்த சீப்பின் நுனியால் கோடு கிழித்த மாதிரி வகிடு எடுத்து, மண்டையில் எண்ணெய் தடவி, நம் ஊர்ச் சவுரி மாதிரியான செயற்கை முடியை (அங்கே அதற்கு அட்டாச்மெண்ட் என்று பெயர்) வேரிலிருந்தே கலந்து பின்னிக்கொண்டு போகிறார்கள். ஒரே தலையில் மூன்று பெண்கள், ஆளுக்கு ஒரு பக்கம். நடுவில் கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது, யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கடைசியில் பின்னல் நுனிகளைக் கொதிக்கிற தண்ணீரில் முக்கி எடுத்தார்கள், அப்போதுதான் பிரியாதாம். ஒன்பது மணிக்கு உட்கார்ந்தவர் எழுந்தபோது மணி மூன்றரை.

அடுத்து அவருடைய ஏழு வயது மகள் உட்கார்ந்தாள். இந்த வாரம் எந்தப் பின்னல் என்று பள்ளிக்கூடமே சொல்லியனுப்புமாம், திங்கட்கிழமை அதே பின்னலோடு போகணும். அம்மாவுக்கு வெள்ளி, மகளுக்குச் சனி என்பதுதான் அவர் போட்டிருந்த கணக்கு. நான் மறுத்த இரண்டு மணிநேரத்தால் அந்தக் குழந்தை முக்கால் நாள் பிளாஸ்டிக் ஸ்டூலில் காத்திருந்தது.

பின்னல்களுக்குப் பெயர்கள் உண்டு. எல்லாம் உச்சியை நோக்கி ஏறினால் ஷூகூ. பிடரியை நோக்கி இறங்கி வால் இல்லாமல் முடிந்தால் கோலேசே, அதாவது கால் இல்லாதது. உள்நாட்டுப் போர் 1970இல் முடிந்த பிறகு, 'போர் முடிந்தது' என்ற அர்த்தத்தில் 'ஓகுன் பாரி' என்றே ஒரு பின்னல் இருந்ததாம். ஓஜெய்கெரெ என்ற நைஜீரியப் புகைப்படக்காரர் 1968இலிருந்து பல வருடங்கள் அலைந்து சுமார் ஆயிரம் தலையலங்காரங்களைப் படம் எடுத்து வைத்திருக்கிறார். அவற்றில் சிலவற்றை என் சக ஊழியர் போனில் காட்டினார். நிறையப் படங்களில் முகமே தெரியாது, பின்தலை மட்டும்தான், கோபுரம் மாதிரி.

சுவரில் 'இந்தியன் ஹேர்' என்று எழுதிய கட்டுகள் தொங்கின. பின்னிக்கொண்டிருந்த அம்மா என்னைப் பார்த்து, உங்க ஆட்கள் ஏன் இவ்வளவு நல்ல முடியை விற்கிறார்கள் என்று கேட்டார். எல்லோரும் விற்பதில்லை, வேண்டிக்கொண்டு கோவிலில் மொட்டை போடுவோம், என் அம்மாவே பழனியில் போட்டிருக்கிறார், திருப்பதியில் அப்படிச் சேரும் முடியைக் கோவில் நிர்வாகமே ஏலம் விடுகிறது என்றேன். அவர் கை நின்றுவிட்டது. "கடவுளுக்குக் கொடுத்ததா?" என்றார். யோருபாக்களுக்குத் தலை, அவர்கள் சொல்லில் 'ஓரி', ஒருவருடைய விதி குடியிருக்கும் இடம். அதனால் அவருக்கு நான் வேறெதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கீழே கிடந்த உதிர்ந்த முடியை என் சக ஊழியர் ஒன்றுவிடாமல் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டார். உதிர்ந்த முடியை விரலில் சுருட்டி வைத்து, கண்ட இடத்தில் போடாதே என்று சொல்லும் என் ஆச்சி ஞாபகத்துக்கு வந்தார்.

வளைகாப்புக்குப் பூச்சடை தைக்க அரைநாள் அசையாமல் உட்கார்ந்தவள்தான் நானும். அப்போது யாரும் அதை வீண் அலங்காரம் என்று சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அழுதிருப்பேன்.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாக அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "நோ வஹாலா மா" என்றார், பரவாயில்லை என்று அர்த்தம். மற்ற இருவரும் இன்னும் தலை பின்னவில்லை என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது, என்னிடம் கேட்கவே தயங்கியிருக்கிறார்கள். அந்த வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கே இருவரையும் அனுப்பிவிட்டு, அவர்கள் மேஜையில் இருந்த வவுச்சர்களை நானே உட்கார்ந்து சரிபார்த்தேன். ஏழரை ஆனது.