குழந்தை பொறந்தப்புறம் கவுன்சிலிங் போனா என்னவாம்?

பிரசவம் ஆன உடம்ப பாத்துக்க நம்ம வீடுகள்ல பெரிய ஏற்பாடே இருக்கு. பிரசவ லேகியம், பூண்டு குழம்பு, பால் ஊற பால்சுறா புட்டு, காதுல பஞ்சு, பச்சத்தண்ணில கை வைக்காதன்னு காவல், எங்கம்மா இதுல ஒண்ணக்கூட விடல. ஆனா அஞ்சாம் மாசம் சீர் செஞ்சு குழந்தையோட அனுப்பி வச்சதும் அதெல்லாம் சட்டுனு நின்னு போச்சு, இவரு காலைல ஆபீஸ் கிளம்பிட்டா ஃப்ளாட்ல நானும் அவனும் மட்டும்தான்.

பிரசவமாகி மூணு நாலு நாள்ல சும்மா சும்மா அழுகை வர்றது நெறைய பேருக்கு இருக்கும், ஹார்மோன் மளமளன்னு எறங்குறதும் ஒரு காரணம், பெரும்பாலும் ரெண்டு வாரத்துல தானா சரியாயிடும். எனக்கும் அது வந்துட்டு போச்சு. இது வேற. அவன் நல்லா தூங்குவான், நான் கொட்ட கொட்ட முழிச்சுக்கிட்டு மூச்சு வருதான்னு மூக்குகிட்ட விரல வச்சு பாத்துட்டே இருப்பேன், பகல்ல அவன் அழுதா எரிச்சல் வரும், எரிச்சல் பட்டதுக்கு நான்லாம் ஒரு தாயான்னு தோணும், சாயங்காலம் இவரு வந்து என்னாச்சுன்னு கேட்டா சொல்றதுக்கு ஒண்ணுமே இருக்காது.

ஒம்பதாம் மாச ஊசிக்கு போனப்ப குழந்தை டாக்டர்தான் "அவன் தூங்கும்போது உங்களால தூங்க முடியுதாம்மா"ன்னு கேட்டாங்க. முடியலன்னேன். அதுக்கப்புறம் அவங்க எடை சார்ட்ட ஓரமா வச்சுட்டு என்கிட்டயே பேசிட்டு ஒரு கவுன்சிலர் நம்பர் எழுதி குடுத்தாங்க.

அங்க மொதல்ல குடுத்தது பத்தே கேள்வி, எடின்பரோ ஸ்கேல்னு பேரு, 1987ல வந்தது, தமிழ்லயும் இருக்கு. கடைசி ஏழு நாள்ல உங்களால சிரிக்க முடிஞ்சுதான்னு ஆரம்பிச்சு, உங்களையே காயப்படுத்திக்கணும்னு தோணுச்சான்னு முடியும். அத மட்டும் வச்சு டிப்ரஷன்னு முடிவு பண்ண மாட்டாங்களாம், தைராய்டு டெஸ்டும் எடுக்க சொன்னாங்க, பிரசவத்துக்கப்புறம் தைராய்டு கோளாறு வந்தாலும் இதே மாதிரி அசதியும் படபடப்பும் இருக்குமாம். (இத எந்த மாமியும் எனக்கு சொல்லல, குங்குமப்பூ பத்தி மட்டும் பத்து பேர் சொன்னாங்க.)

நான் என்னமோ கண்ண மூடி மூச்சு விட சொல்வாங்கன்னு நெனச்சேன். பேச்சு பூரா தூக்கத்த பத்திதான். இவரையும் வரச்சொல்லி, ராத்திரி பத்துலேருந்து ரெண்டு மணி வரைக்கும் குழந்தை உங்க பொறுப்பு, பால எடுத்து வச்சிருவாங்க, நீங்க குடுங்கன்னு சொல்லிட்டாங்க, விட்டு விட்டு தூங்காம ஒரு நாலு மணி நேரம் சேந்தாப்ல தூங்குறதே மருந்துல பாதின்னாங்க. அப்புறம் எனக்கு ஒரு நோட்டு, அவன் அழுதப்ப என்ன தோணுச்சுன்னு எழுதணும், பக்கத்துலயே அது நெசமான்னும் எழுதணும். "எனக்கு வளக்க தெரியல"ன்னு ஒரு பக்கம், "பசிச்சுது, பால் குடிச்சதும் தூங்கிட்டான்"னு அடுத்த பக்கம். பாக்க சின்னப்புள்ளத்தனமா இருக்கும், எனக்கு அதுதான் கேட்டுச்சு.

எனக்கு மாத்திரை தேவைப்படல. தேவைப்படறவங்களுக்கு பால் குடுத்துக்கிட்டே சாப்பிடக்கூடிய மருந்துகளும் இருக்கு, சைக்கியாட்ரிஸ்ட் பாத்துதான் குடுக்கணும், நம்மளா நிறுத்தவும் கூடாது. ஆனா பிரசவமான பொண்ணு நாள்கணக்கா தூங்காம துறுதுறுன்னு இருக்கா, காதுல குரல் கேக்குது, குழந்தைய மாத்திட்டாங்கன்னு சந்தேகப்படறான்னா கவுன்சிலிங், வேப்பிலை ரெண்டுக்கும் காத்திருக்காதீங்க, அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போங்க.

காசு யோசனையா இருந்தா டெலிமானஸ்னு அரசாங்கத்தோட மனநல ஹெல்ப்லைன் இருக்கு, 14416க்கு அடிங்க, 2022லேருந்து இருக்கு, இலவசம், ராத்திரி ரெண்டு மணிக்கும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். அப்பாக்களும் பேசலாம், அவங்களுக்கும் இந்த டிப்ரஷன் வரும். இவரே மூணாவது தடவ போனப்ப என்னைய விட அதிகமா பேசுனாரு.

எங்கம்மா மட்டும் இன்னும் பக்கத்து வீட்ல "தைராய்டுக்கு போறா"ன்னுதான் சொல்லிட்டிருக்காங்க. ரிப்போர்ட் நார்மல்.