இடது கையை 120 நாள் வரைந்து பார்த்தேன்

ஒரு நோட்டு, ஒரு 2பி பென்சில், தினமும் இருபது நிமிடம், என் இடது கை. திட்டம் இவ்வளவுதான். அதற்கு முன் நான் வரைந்தது என்றால் பள்ளியில் அறிவியல் நோட்டில் போட்ட இதயத்தின் குறுக்குவெட்டுப் படம், அதோடு சரி. ஏன் கை என்று கேட்டவர்களிடம் எல்லாம், அது எப்போதும் கூடவே இருக்கிறது, தேடிப் போக வேண்டாம் என்று சொல்லி வைத்தேன். அதுவும் உண்மைதான், ஆனால் ஆரம்பித்த காரணம் வேறு.

ஒரு நாள் இரவு ஏதோ ஒரு படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். கடைசியில் 'நான் ரோபோ அல்ல' என்ற கட்டம் வந்தது. தட்டினேன். நம்பவில்லை, போக்குவரத்து விளக்கு இருக்கிற படங்களை எல்லாம் காட்டச் சொன்னது. காட்டினேன், அதையும் ஏற்கவில்லை, மறுபடி வேறு படங்கள். ஆலன் டூரிங் 1950-இல் எழுதிய கட்டுரையில் ஒரு சோதனை வரும்: எழுத்தில் மட்டும் உரையாடி, எதிரில் இருப்பது மனிதரா இயந்திரமா என்று ஒரு மனிதர் கண்டுபிடிக்க வேண்டும். அதில் கேள்வி கேட்கிறவர் மனிதர். இப்போது அந்த நாற்காலியில் இயந்திரம் உட்கார்ந்திருக்கிறது, எதிரில் நான். அந்தக் கட்டத்தை ஒரே தட்டலாக மாற்றி கூகுள் 2014-இல் கொண்டுவந்தபோது நமக்கு வேலை மிச்சம் என்றுதான் தோன்றியது. அன்று இரவு அப்படித் தோன்றவில்லை. மனிதர்தான் என்று காட்ட என்னிடம் என்ன இருக்கிறது என்று யோசித்தேன். காலையிலிருந்து என் கை என்ன செய்தது என்று எண்ணிப் பார்த்தால், போன் கண்ணாடியைத் தட்டியது, கண்ணாடியைத் தேய்த்தது, பெரும்பாலும் ஒரே ஒரு கட்டைவிரல்தான். மற்ற ஒன்பது விரலும் போனைப் பிடித்துக்கொண்டும் சும்மாவும் இருந்திருக்கின்றன. அப்போதுதான் கையைத் திருப்பிப் பார்த்தேன், மறுநாள் வரைய ஆரம்பித்தேன்.

முதல் ஐந்து நாள் படங்களில் இருப்பது கை இல்லை, கையுறை. ஐந்து குழாய், ஒரு சதுரம். பிறகுதான் புரிந்தது, நான் கையைப் பார்க்கவே இல்லை, 'விரல்' என்ற சொல்லுக்கு மனதில் இருக்கிற சின்னத்தைத்தான் இறக்கி வைத்திருக்கிறேன். ஆறாம் நாள் ஒரு பயிற்சி செய்து பார்த்தேன், வரையப் பழகுகிற எல்லோருக்கும் சொல்லிக் கொடுப்பதுதான்: தாளைப் பார்க்காமல் கையை மட்டும் பார்த்து, கண் நகருகிற வேகத்தில் பென்சிலை நகர்த்துவது. வந்த படம் மொத்தமாகப் பார்த்தால் கை மாதிரியே இல்லை. ஆனால் ஒரே ஒரு இடம், நடுவிரலின் நடு மூட்டு, அப்படியே வந்திருந்தது. விரலை நீட்டி வைத்தால் அங்கே தோல் கூடி ஒரு சிறு நீள்வட்டமாக நிற்கிறது, சுற்றியுள்ள கோடுகள் பலகையில் கணு இருக்கிற இடத்தில் ரேகை ஒதுங்கிப் போவதுபோல வளைந்து போகின்றன. மடக்கினால் அத்தனையும் மறைந்து தோல் வழவழப்பாகிவிடும். இத்தனை வருடம் இது என் கண்ணுக்கு அரை அடி தூரத்தில் இருந்திருக்கிறது, ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

ஒன்பதாம் நாள் கதவிடுக்கில் அதே நடுவிரல் மாட்டி நகத்துக்கு அடியில் ரத்தம் கட்டிவிட்டது. வலி போன பிறகு ஒரு கறுப்புப் புள்ளி மிஞ்சியது, நகம் தோலுக்குள் இருந்து வெளியே வருகிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே. படத்தில் அதையும் போட்டேன். இதைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டாவது வாரம் முழுக்கக் கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. போனைப் பக்கத்து அறையில் வைத்துவிட்டுத்தான் உட்காருவேன், ஆனாலும் நாலு நிமிடத்தில் வலது கை பென்சிலை வைத்துவிட்டு எதையோ தேடும். எதைத் தேடுகிறது என்று கையைக் கேட்க முடியாது, ஆனால் தெரியும். தினமும் கிட்டத்தட்ட அதே ஐந்தாவது நிமிடம். அதைத் தாண்டிவிட்டால் பிறகு பிரச்சினை இல்லை, மூச்சு மெதுவாகிவிடும், இருபது நிமிடம் என்பது நாற்பதாகப் போன நாளும் உண்டு. தாண்ட முடியாமல் எழுந்துவிட்ட நாட்கள் ஏழு. நோட்டில் அந்தப் பக்கங்களை அரைகுறையாகவே விட்டு வைத்திருக்கிறேன், கிழிக்கவில்லை.

நடுவில் கையைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். ஒரு கையில் 27 எலும்பு, இரண்டு கைக்கும் சேர்த்து 54. வளர்ந்த மனித உடம்பில் மொத்தம் 206 என்றால், நாலில் ஒரு பங்குக்கும் மேல் மணிக்கட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. விரலை மடக்கும் பெரிய தசைகளோ விரலில் இல்லை, அவை முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் இருக்கின்றன, அங்கிருந்து தசைநாண்கள் கயிறு மாதிரி வந்து விரலை இழுக்கின்றன. இதை இப்போதே பார்க்கலாம்: முன்கையின் உள்பக்கத்தை இன்னொரு கையால் லேசாகப் பிடித்துக்கொண்டு விரல்களை ஒவ்வொன்றாக மடக்குங்கள், உள்ளே ஏதோ நகருவது தெரியும். இன்னொன்று, உள்ளங்கையை மேசையில் கவிழ்த்து, நடுவிரலை மட்டும் உள்ளே மடக்கி வைத்துக்கொண்டு மோதிர விரலைத் தூக்கிப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்குத் தூக்க வராது. அந்த விரல்களின் தசைநாண்கள் ஒன்றோடொன்று பிணைந்தவை. இது தெரிந்த பிறகு என் படம் மாறியது, ஒரு விரலைத் தனியாக வரைவதை விட்டுவிட்டேன், ஒன்று மடங்கினால் பக்கத்து விரல் எவ்வளவு சாய்கிறது என்று பார்க்கத் தொடங்கினேன். அப்புறம், விரலை வரையாமல் விரல்களுக்கு நடுவே இருக்கிற வெற்றிடத்தை வரைவது. தொடங்குகிறவர்கள் யாராவது கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன். வெற்றிடத்துக்குப் பெயர் கிடையாது, அதனால் மனம் அங்கே சின்னம் எதையும் திணிக்காது, கண் பார்த்தது அப்படியே வரும்.

47-ஆம் நாள் ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் 'மேசை மேல் ஓய்வாக வைத்த இடது கை, பென்சில் ஓவியம்' என்று கேட்டேன். சில நொடியில் நாலு படம். 2022 வாக்கில் இந்தப் படங்களில் ஆறு விரல், ஏழு விரல் வரும், அதை வைத்தே இது இயந்திரம் போட்டது என்று எல்லோரும் கண்டுபிடித்தோம். இப்போது வந்த நாலிலும் ஐந்து விரல், சரியான நிழல், என் 47 படங்களில் எதைவிடவும் நேர்த்தி. அன்று மாலை பென்சிலைத் தொட மனம் வரவில்லை. தொட்டேன், ஆனால் மனம் வரவில்லை. பழைய பக்கங்களை ஒன்றொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கறுப்புப் புள்ளி கண்ணில் பட்டது. ஒன்பதாம் நாள் படத்தில் அது நகத்தின் அடியில் இருக்கிறது. இருபதாம் நாள் கொஞ்சம் மேலே. முப்பத்தைந்தில் இன்னும் மேலே. 47-இல் கிட்டத்தட்ட நகத்தின் நடுவில். விரல் நகம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் வளருகிறது, மாதத்துக்கு மூன்று மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. எந்த ஒரு நாளும் நகர்ந்ததை நான் பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது. ஆனால் ஒவ்வொரு நாளும் இருக்கிற இடத்தில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறேன், அதனால் நோட்டு பார்த்துவிட்டது.

அந்த நாலு படத்தையும் மறுபடி எடுத்துப் பார்த்தேன். அந்தக் கைக்கு நேற்று என்பது இல்லை. எந்தக் கதவும் அதை நசுக்கவில்லை, நாளைக்கு அதன் நகம் வளராது. எனக்கு நடப்பது எல்லாம் ஏதோ ஒரு வேகத்தில் என் உடம்பு வழியாகத்தான் நடக்கிறது, நான் அவசரப்படுத்தினாலும் 0.1 மில்லிமீட்டர்தான், மறந்து போனாலும் 0.1 மில்லிமீட்டர்தான். நாள் முழுக்க எல்லாமே ஒரு நொடியில் திறக்க வேண்டும், வந்து சேர வேண்டும், பதில் வர வேண்டும் என்று இருந்துவிட்டு, சொந்த நகம் என்ன வேகத்தில் போகிறது என்றே தெரியாமல் இருந்திருக்கிறேன். மனித வாழ்க்கை என்று எதையோ எட்டத்தில் வைத்துத் தேடுகிறோம், எனக்கு அது அன்று அந்தப் புள்ளியில் கிடைத்தது. இதை யாரிடமும் சரியாகச் சொல்ல வரவில்லை, இங்கேயும் பாதிதான் சொல்ல வந்திருக்கிறது.

58-ஆம் நாள் அம்மாவின் கை. கேட்டதும் இரண்டு கையையும் மடியில் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து மூடிக்கொண்டார்.

"என் கையில பார்க்கறதுக்கு என்ன இருக்கு?"

"சும்மா வைம்மா, பத்து நிமிஷம்."

வைத்தார். ஆள்காட்டி விரலின் நுனி மூட்டு வீங்கி, அங்கிருந்து விரல் பக்கவாட்டில் திரும்பியிருக்கிறது. மூட்டுத் தேய்மானம், பல வருடமாக இருக்கிறது, எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். வரைந்து முடித்து நோட்டைத் திருப்பிக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்லா இருக்கு. ஆனா இது என் விரல் இல்லையே."

எடுத்துப் பார்த்தால், விரலை நேராக வரைந்து வைத்திருக்கிறேன். வேண்டுமென்று செய்யவில்லை. 58 நாள் பழகிய என் கை, அம்மாவின் விரலை அதன் போக்கில் நிமிர்த்திவிட்டது. போட்டோ எடுத்தவுடன் தோலைத் தானாக மெருகேற்றுகிற செயலி செய்வதை நான் பென்சிலால் செய்திருக்கிறேன். அழித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தோம். இந்தத் தடவை ஒரு மணி நேரம் ஆனது. அந்த மூட்டின் மேலே தோல் இழுபட்டுப் பளபளவென்று இருக்கிறது, அங்கே சுருக்கமே இல்லை, சுருக்கம் எல்லாம் அதற்குக் கீழே வந்து ஒதுங்கி நிற்கிறது. அதை முடிக்கும்போது அம்மா கையை மூடவில்லை, விரித்தபடியே வைத்திருந்தார், எந்த வயதில் அது வளைய ஆரம்பித்தது என்று அவராகவே சொல்லிக்கொண்டிருந்தார்.

அறுபதுகளிலும் எழுபதுகளிலும் சொல்ல ஒன்றும் இல்லை. காய்ச்சலில் நாலு நாள் போனது. ஒரு நாள் பென்சில் கரி படிந்த விரலைப் போன் ஏற்கவில்லை, கை கழுவிவிட்டு வா என்கிற மாதிரி நின்றது. விரல் ரேகை நாம் பிறப்பதற்குப் பல மாதம் முன்பே அமைந்துவிடுகிறது, ஒரே மாதிரி இரட்டையர்களுக்குக்கூட ஒன்றாக இருப்பதில்லை. அப்படிப்பட்ட ஒன்றை நான் பூட்டுத் திறக்க மட்டும்தான் பயன்படுத்தி வந்திருக்கிறேன். அன்று ரேகையை வரைய முயன்றேன், பூதக்கண்ணாடி வேண்டும், நடக்கவில்லை.

83-ஆம் நாள் அக்கா மகள், வயது ஆறு. "சித்தி, அசையலாமா?" என்று முப்பது நொடிக்கு ஒரு தடவை. ஏழு நிமிடம் தாங்கினாள். சின்னப் பிள்ளையின் கையில் மூட்டு இருக்கிற இடத்தில் மேடு இல்லை, குழி இருக்கிறது. கோடு போட ஒன்றுமே கிடைக்கவில்லை, நிழலை மட்டும் வைத்துத்தான் கொண்டுவர வேண்டியிருந்தது. பிறகு என் கையை இழுத்து நோட்டில் வைத்து, சுற்றிலும் பென்சிலை ஓட்டி, "நான் ரெண்டு நிமிஷத்துல போட்டுட்டேன்" என்றாள்.

கையைச் சுவரில் வைத்து, சுற்றிலும் நிறத்தை ஊதிப் பார்க்கிற யோசனை அங்கிருந்துதான் வந்தது. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் ஒரு குகைச் சுவரில் யாரோ கையை வைத்து, சுற்றிலும் நிறத்தை ஊதிவிட்டுக் கையை எடுத்திருக்கிறார். கை இருந்த இடம் மட்டும் வெறுமையாக நிற்கிறது. அதன் மேலே படிந்திருந்த கால்சியப் படிவை ஆராய்ந்து, அதற்குக் குறைந்தது 39,900 வயது என்று 2014-இல் வெளியிட்டார்கள். அர்ஜென்டினாவில் கைகளின் குகை என்றே ஒன்று இருக்கிறது, பெரும்பாலும் இடது கைகள். ஊதும் குழலை வலது கை பிடித்திருக்கும் என்கிறார்கள்.

104-ஆம் நாள் நானும் செய்து பார்த்தேன். காவி நிறப் பொடியைத் தண்ணீரில் கரைத்து, பெரிய தாளைச் சுவரில் ஒட்டி, இடது கையை வைத்து, வலது கையில் உறிஞ்சுகுழலைப் பிடித்து ஊதினேன். முதல் தடவை எல்லாம் ஒழுகித் தாளே நனைந்துவிட்டது. கரைசல் கெட்டியாக இருக்க வேண்டும், ஊதுவதும் சின்னச் சின்னதாக, த் த் த் என்று, வாயிலிருந்து தூறல் விழுகிற மாதிரி. மூன்றாவது தாளில் வந்தது. கையை எடுத்தவுடன் மணிக்கட்டு வரை காவி, நகத்தைச் சுற்றி எல்லாம் காவி, சுவரில் ஐந்து வெள்ளை விரல். ஊதி ஊதித் தலை சுற்றியது, உட்கார்ந்துவிட்டேன். குகையில் விளக்கு வேறு வேண்டும். யாராவது பக்கத்தில் நெருப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார்கள்.

கறுப்புப் புள்ளி 101-ஆம் நாளே நகத்தின் விளிம்புக்கு வந்துவிட்டது. 107-ஆம் நாள் நகம் வெட்டும்போது அதுவும் போனது. துண்டை எடுத்து அன்றைய பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன், பிறை மாதிரி, நடுவில் ஒரு பழுப்புக் கறை.

120-ஆம் நாள் நோட்டு முடிந்தது, பென்சில் மூன்று விரல்கடைதான் மிச்சம். கடைசிப் பக்கத்தைப் போட்ட பிறகுதான் கவனித்தேன், இத்தனை நாளும் வேலை செய்த வலது கை ஒரு பக்கத்தில்கூட இல்லை. இன்று காலை புது நோட்டு எடுத்து, பென்சிலை இடது கைக்கு மாற்றி, வலது கையை மேசையில் வைத்தேன். முதல் கோடு மணிக்கட்டிலிருந்து கட்டைவிரல் வரை போவதற்கே எட்டு நிமிடம் ஆனது.